தாளின் மறுமுனை

மாமனார் போன பிறகு அந்த ஷெட்டின் பூட்டைத் திறந்தவள் நான்தான். இது நடந்த அன்றைக்கும் பட்டப்பகலில்தான் திறந்தேன். வெயில் தகரக் கூரையில் விழுந்து உள்ளே அனல் அடித்தது. ஆனாலும் வாசலைத் தாண்டியதும் பாதம் சில்லிட்டது. மரத்தூள் வாசனையோடு கிராம்பு வாசனையும் வந்தது. அவர் வாயில் எந்நேரமும் கிராம்பு கிடக்கும். ஆள் போய் மாதக்கணக்காகிறது, வாசனை மட்டும் பட்டா வாங்கியதுபோல் குடியிருந்தது.

நடுவில் அவருடைய ரவுட்டர் மெஷின், சாப்பாட்டு மேசை அளவுக்கு. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், பிட் என்கிற சுழலும் வெட்டுமுனையை அங்குமிங்கும் நகர்த்தி மரத்தில் அப்படியே செதுக்கிவிடும். ஓய்வு பெற்றதும் பொழுதுபோக்குக்காக வாங்கினார். தெருவில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர்.

“பொம்பளை கை பட்டா அளவு போயிடும்” என்பார். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. தண்ணீர் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். நான் வைப்பேன், போகமாட்டேன். அந்த ஜன்னலில் நின்றே வேலை முழுவதையும் கற்றுக்கொண்டேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், நான் செதுக்கிய பலகை ஒவ்வொன்றும் கோணல். எழுத்துகள் ஒழுங்காகத் தொடங்கும், போகப் போக இடது பக்கம் சரியும். துணிக்கடைப் பெயர்ப்பலகை ஒன்றை ஒப்புக்கொண்டு மரத்தைப் பாழாக்கியதுதான் மிச்சம். கணவர் மெஷினை விற்க ஆள் பார்த்துவிட்டார்.

“சாயங்காலம் வாங்குறவரு வண்டியோட வர்றாரு. அதுக்குள்ள ஒரு பலகையாவது நேரா வந்தா இருக்கட்டும். இல்லைன்னா கொடுத்துடலாம். அப்பாவே இல்லை, அப்புறம் இது எதுக்கு?”

“நான் இருக்கேன்ல” என்றேன்.

மெஷின் போனால் எனக்கு அடுப்படிதான் கதி.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்டவாளத்தில் அடைந்திருந்த தூளைத் துடைத்தேன். பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. கடைசியில் மோட்டாரில் நானே மாட்டிக்கொண்டேன், கையும் களவுமாக. மோட்டார் தண்டின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். பல்சக்கரத்தின் குட்டி ஸ்க்ரூ அந்தத் தட்டையில் அழுந்த வேண்டும். சுத்தம் செய்யக் கழற்றிய நான், அதை உருண்டைப் பக்கத்தில் முறுக்கிவைத்திருந்தேன். வழுக்காமல் என்ன செய்யும்? பேயுமில்லை பிசாசுமில்லை என்று சிரித்தபடி சரியாக முறுக்கினேன்.

டக். டக்.

சிரிப்பு நின்றது. வேலை தொடங்குமுன் மாமனார் ஸ்க்ரூ முறுக்கும் ஆலன் கீயால் மெஷின் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். என் ஆலன் கீ என் கையில்தான் இருந்தது.

வெயிலுக்குத் தகரம் விரிகிறது என்று சொல்லிக்கொண்டு பிளக்கை மாட்டினேன். புதுப் பலகையை இறுக்கினேன். இனி உயரம் குறிக்க வேண்டும். பலகைக்கும் பிட்டுக்கும் நடுவே ஒரு தாளை வைத்து முன்னும் பின்னும் இழுத்தபடியே பிட்டை மெல்ல இறக்குவோம். தாள் லேசாகப் பிடிபடும் இடம்தான் ஜீரோ.

பிட் இன்னும் தாளைத் தொடவில்லை. விரற்கடை இடைவெளி இருந்தது.

தாள் பிடிபட்டது.

நான் இழுத்தேன். மறுமுனையிலிருந்தும் இழுத்தது.

தாளை விட்டுவிட்டுச் சிவப்புப் பட்டனை அடித்தேன். பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். பிட்டைத் தாங்கும் பாலம் மின்சாரமே இல்லாமல் நகர்ந்தது. மெதுவாக, சத்தமில்லாமல், இடது பக்கம்.

இடது மூலையில் அவருடைய ஸ்டூல் கிடந்தது.

பாழான பலகைகளைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா எழுத்துகளும் அந்த ஸ்டூலைப் பார்த்துத்தான் சரிந்திருந்தன. ஸ்க்ரூ வழுக்கியதற்கு நான் காரணம். வழுக்கி எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்தது வேறு ஆள்.

பயந்தேன். கதவு கைக்கெட்டும் தூரத்தில் திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். ஓடினால் ஜன்னலுக்கு வெளியேதான் மறுபடி நிற்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பில் பயத்தை மீறிக் கோபம் வந்துவிட்டது.

“மாமா, நின்னு பாக்கணும்னா பாருங்க. நானும் அப்படி நின்னு பார்த்தவதான். கையை மட்டும் வைக்காதீங்க.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன்.

ஸ்டூல் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன சூடு.

எழவில்லை. பிளக்கை மாட்டினேன், பாலத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன், தாளை வைத்தேன். காதருகே கிராம்பு மணத்தது. தாள் விறைத்தது.

“விடுங்க” என்றேன் மெதுவாக.

விடவில்லை. நானும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

தாள் கிழிந்தது. பாதி என் கையில் இருந்தது. மறுபாதி பலகையிலும் இல்லை, தரையிலும் இல்லை. குனிந்து தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் பாதியை வைத்தே ஜீரோ குறித்தேன். அதை வேலைக்காக மேலே மாட்டியிருந்த சட்டையின் பையில் செருகிக்கொண்டு மெஷினை ஓட்டினேன். பிட் பலகைக்குள் இறங்கியது. கடைசி எழுத்து வரை கண்ணிமைக்காமல் பார்த்திருந்தேன்.

சாயங்காலம் வண்டிக்காரர் வந்தார். கணவர் பலகையின் ஓரத்தில் அளவுகோலை வைத்தார். எடுத்துத் திருப்பி மறுபடி வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், “மன்னிச்சுக்குங்க, இது விக்கிறதுக்கு இல்லை” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விளக்கேற்றும் நேரத்தில் கூடத்துக்கு வந்தேன். சுவரில் மாமனார் படம். உயிரோடு இருந்தபோதே தன் படத்துக்குத் தானே சட்டம் வெட்டி, பின்பக்கம் சுற்றிலும் ஆணியடித்து மூடிய மனிதர்.

கண்ணாடிக்குள், அவர் நெஞ்சுக்கு நேரே, ஒரு கிழிந்த தாள் நின்றது. மரத்தூள் ஒட்டியிருந்தது. படத்தைச் சாய்த்துப் பின்பக்கம் பார்த்தேன், ஆணிகள் துருப்பிடித்து அப்படியே இருந்தன.

சட்டைப்பையிலிருந்து என் பாதியை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. மயிரிழை பிசகவில்லை.

“வச்சுக்குங்க மாமா” என்றேன். “என்கிட்ட தாளு ஒரு கட்டு இருக்கு.”

கண்ணாடிக்கு உள்ளிருந்து கேட்டது.

டக். டக்.

விரலை மடக்கி, வெளியிலிருந்து நானும் இரண்டு தட்டுத் தட்டினேன்.