ஊர்ஹோவின் கடைசிக் காற்று

"ஆ…ஆ…ஆ…!"

பிஹ்லா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். காபி கவிழ்ந்து மேஜையெல்லாம் ஓடியது.

தம்பெரே நகரின் அந்தக் கேம் கம்பெனியில் திங்கள் காலை. புதுக் கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்வது பிஹ்லாவின் வேலை. மலைக்காட்சியில் காற்றுச் சத்தம் கேட்க வேண்டும்.

கேட்டது ஊர்ஹோவின் குரல்!

கம்பெனியின் ஒலிப்பதிவாளன் ஊர்ஹோ, வெள்ளிக்கிழமை மாலை, மைக் வைத்துக் காற்றைப் பதிவு செய்த மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்தவன்.

"அவன்தான்… 'விடு'ன்னு கத்துறான்!"

முதலாளி டோர்ஸ்டி ஓடி வந்தார். அவரை விசாரித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் மார்கெட்டாவும் பின்னாலேயே வந்தாள்.

"தள்ளிவிட்ட உனக்குக் கேட்கத்தானே செய்யும்?" டோர்ஸ்டி சீறினார். "நாலரைக்கு அவன் வேலையை அனுப்பியிருக்கான். அதுவரைக்கும் உயிரோட இருந்தான். அப்புறம் நாங்க எல்லாரும் ஒண்ணா சவுனா நீராவிக் குளியல்ல. நீ மட்டும்தான் வரலை!"

மார்கெட்டாவின் பார்வை அவள் மேலேயே இருந்தது. செத்தவனும் சேர்ந்து ஜெயிலுக்கு அனுப்பிவிடுவான் போலிருக்கிறதே!

"பேய் ஃபைல் நமக்கெதுக்கு?" டோர்ஸ்டி குனிந்து பிஹ்லாவின் கீபோர்டில் தட்டினார். "அழிச்சாச்சு!"

"ஐயோ! அது சாட்சி!" மார்கெட்டா பதறினாள்.

பிஹ்லா திரையையே வெறித்தாள்.

"மார்கெட்டா… ஊர்ஹோ அனுப்பின பட்டியலைப் பாருங்க. தொண்ணூறு ஃபைல்! அவன் இப்படி அனுப்பவே மாட்டான்."

"ஏன்?"

"பெரிய ஃபைல் எல்லாருக்குமான பொதுச் சேமிப்புக்குள்ள போனா பன்னிரண்டு பேர் மெஷினும் திணறும். அதனால வேண்டியதை மட்டும் ஒவ்வொண்ணாப் பார்த்து டிக் போட்டு அனுப்புவான். மணிக்கணக்கா ஓடுற ரெக்கார்டிங் அவன் மெஷின்லயே கிடக்கும். இதுல மொத்தமும் வந்திருக்கு… அவன் நாய் போட்டோ வரைக்கும்!"

"அப்போ அனுப்பினது…?"

"அவன் செத்தப்புறம், நாலரை வரைக்கும் உயிரோட இருந்தான்னு காட்ட அவன் சீட்ல உட்கார்ந்து, 'எல்லாம்'னு அமுக்கின ஆள். மாடி மைக்கோட வயர் அந்த மெஷின்லதான் முடியுது. ரெக்கார்டிங் ஓடிட்டிருந்தது அந்த ஆளுக்குத் தெரியலை!"

"இங்க 'எல்லாம்' அமுக்குற ஆள் யாரு?"

பிஹ்லா டோர்ஸ்டி பக்கம் திரும்பினாள்.

"டோர்ஸ்டி மட்டும்தான். மாசாமாசம் சொல்லிப் பார்த்துட்டோம்."

டோர்ஸ்டி சிரித்தார். "கதை பிரமாதம்! ஃபைல்தான் இல்லையே!"

"இருக்கு, டோர்ஸ்டி. நீங்க அழிச்சது இன்னிக்குப் பிரதியை. வெள்ளிக்கிழமைப் பிரதி பொதுச் சேமிப்புல அப்படியே இருக்கு. ஒரு தடவை அனுப்பினது அவ்வளவு லேசாப் போகாது."

பத்தே விநாடி. பழைய பிரதி வந்தது.

காற்று ஊளையிட்டது. காற்றுக்குள்ளிருந்து ஒரு செத்தவன் மூச்சிரைத்தான்.

"…நான் பதிஞ்ச சத்தத்தையெல்லாம் திருட்டுத்தனமா வெளிய வித்தது நீதான்னு எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன், டோர்ஸ்டி… ஏய், விடு! விடு…!"

அப்புறம் வெறும் காற்று.

பிஹ்லா வாய்விட்டு அழுதாள். பயம் போய் இப்போதுதான் அவளுக்குத் துக்கம் வந்தது.

டோர்ஸ்டியின் விரல்கள் மட்டும் தன்னாலே கீபோர்டைத் தேடின.

அவர் மணிக்கட்டில் 'க்ளிக்'கென்று விலங்கு விழுந்தது.

"தேடாதீங்க டோர்ஸ்டி," என்றாள் மார்கெட்டா. "இதுல டெலீட் பட்டன் கிடையாது!"