முப்பது முறை மெல்

மகள் நடந்துகொண்டிருப்பதாகப் போன் சொன்னது. மகளோ எதிரே உட்கார்ந்து அவித்த முட்டையின் ஒரு துணுக்கை மென்றுகொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மகளின் கைப்பட்டை எண்ணி அனுப்பும் அடிக்கணக்கு ஏறிக்கொண்டே போனது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் நடந்தது வீட்டு நான்கு சுவருக்கு வெளியே தெரியாது. அவள் எவ்வளவு தின்கிறாள், எவ்வளவு நடக்கிறாள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் வாரந்தோறும் கேட்பாள். பதில் சொல்வது அவர்தான். ஆஸ்பத்திரியில் சொன்ன சாப்பாட்டில் பாதியைத்தான் கொடுத்தார். ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மெல்லவைத்து, பக்கத்தில் நின்று உரக்க எண்ணினார். மயங்கி விழுந்தால் "நடிக்காதே" என்றார்.

"கைப்பட்டை எங்கே?"

"அவ போட்டிருக்காப்பா."

"எவ?"

மகள் மாடியைப் பார்த்தாள். "நீங்க வேணாம்னவ."

தொம். தொம். தொம்.

அந்த நடை அவருக்குத் தெரியும். 'பூமாதேவி தாங்கமாட்டாள்' என்று மகள் குண்டாயிருந்தபோது விருந்தாளிகள் முன் அவரே கேலி செய்து சிரித்த நடை. அண்ணியோடு வந்திருந்த அண்ணனின் குரல் வாசல் அறையிலிருந்து வந்தது.

"என்னடா, மாடி இடிஞ்சு விழுதா? உன் வீட்டு உரல் இளைச்சிடுச்சுன்னியே, அப்புறம் யாரு உருள்றது?"

"எலிண்ணே."

"எலியா? நல்லா தீனி போடுற போல!"

அண்ணி சிரித்தாள். தலைமையாசிரியருக்கு முகம் எரிந்தது. வெறும் கட்டுப்பாட்டால் இளைக்கவைத்தேன் என்று அண்ணனிடம் மார்தட்டியிருந்தார். எழுந்து படியேறினார்.

ட்ரெட்மில் இருந்த அறை சாயங்காலத்திலேயே இருண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் கண் படக்கூடாதென்று ஜன்னல் திரையை ஓரம் முழுதும் ஆணியடித்து வைத்தவர் அவரே. வியர்வையும் மருந்தும் புளித்த பாலும் கலந்த வாடை, நாள்பட்ட துணிமூட்டையைப் பிரித்ததுபோல் முகத்தில் அடித்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பட்டை ஒவ்வோர் அடிக்கும் நடுவில் குழிந்து, முனகி, நிமிர்ந்தது. அதன்மேல் யாரும் தெரியவில்லை. இருட்டில் ஒரு மூச்சு மட்டும் கனமாக, ஈரமாக ஏறி இறங்கியது.

நிறுத்துவதற்காகக் கையை நீட்டினார்.

விரல்கள் ஒரு கன்னத்தில் பட்டன. சூடான, கொழுத்த கன்னம்.

நடை நின்றது.

கையை இழுத்தார். வரவில்லை. மெத்தென்ற உதடுகள் சுண்டுவிரலை மூடின.

இடக்கையில் போன் அடித்தது. நர்ஸ். எடுக்காவிட்டால் வீட்டு போனுக்கு அடிப்பாள். அண்ணன் எடுப்பார். எல்லாம் தெரிந்துவிடும்.

பற்கள் இறங்கின. கத்தவில்லை. எடுத்தார்.

"சார், பொண்ணு எப்படியிருக்கா?"

"நல்லா... இருக்கா."

"குரல் ஒரு மாதிரியா இருக்கே? எதாவது உதவி வேணுமா சார்?"

படியில் அண்ணனின் காலடிச் சத்தம். "யாருடா போன்ல? மேல வரட்டுமா?"

"வேணாம்ணே! ஸ்கூல் விஷயம்!"

காலடிச் சத்தம் இறங்கிப் போனது. எலும்பு நொறுங்கியது. நிதானமாக. அவசரமில்லாமல். அவர் பழக்கியபடியே.

"பசி எடுக்குதா சார்?"

"எடுக்குது."

"நல்லா மென்னு சாப்பிடுறாளா?"

அறை வாசலில் குச்சியாய் ஒரு நிழல். மகள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய அதே கண்டிப்பான குரலில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தெட்டு. இருபத்தொம்போது. முப்பது. முழுங்கு."

இருட்டு முழுங்கியது.

"மெல்லுறா," என்றார் போனில்.

அடுத்த விரலை உதடுகள் மூடின. மகள் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.