நான்காவது ரேகை

காகித உறையில் வந்த நாணயத்தில் பச்சைப் பிசுக்கு இருக்கக் கூடாது. மட்டமான பிளாஸ்டிக் உறைக்குள் வருடக்கணக்காகக் கிடந்தால்தான் வெள்ளியில் அந்தக் கண்றாவி ஊறும். லண்டன் ஏலக்கூடத்தில் பதினெட்டு வருடமாகக் காசுகளோடு மாரடிக்கும் ஹெஸ்தர் க்ராம்ப்டனுக்கு அது தெரியாதா? ஆனால் இது பழைய பழுப்புக் காகிதம். உள்ளே, விக்டோரியா ராணியின் கழுத்தோரமாக, சளி வழிந்ததுபோல் கொழகொழவென்று ஒரு கோடு. குனிந்து முகர்ந்தாள். ஊசிப்போன கொழுப்பின் வாடை மூக்கில் ஏறித் தொண்டைவரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"ச்சீ!"

அசிடோனில் முக்கி எடுத்தாள். பிசுக்கு போயிற்று, வாடை போகவில்லை. விளிம்பை மட்டும் இரு விரலால் பிடித்து விளக்கடியில் திருப்பினாள். கடைத்தெருவுக்கென்று இல்லாமல், பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கென்றே அச்சடித்த ப்ரூஃப் நாணயம். ராணியின் தலையைச் சுற்றி வெறும் கண்ணாடிப் பளபளப்பு. அதில் ஒருவன் விரலை வைத்துவிட்டால் போச்சு. ரேகை வெள்ளியைத் தின்று உள்ளே இறங்கிவிடும். வைத்தவன் செத்தாலும் அது போகாது.

முதலாளி டெஸ்மண்ட் ஃபாரோ கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"என்ன கண்ணு, ராணியம்மா வாயத் தொறந்தாங்களா?"

"இத வச்சிருந்தவங்கள்ல மூணு பேரு கிடைச்சிட்டாங்க, டெஸ்மண்ட். அதுக்கப்புறம் யாருன்னுதான் தெரியல."

"அஞ்சு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போகுது. போன தடவ திருட்டுக் காசுக்கு நல்ல பேரு எழுதிக் குடுத்தியே, போலீஸ் வந்து வாசல்ல நின்னுச்சே, மறந்துடலல்ல? யார் கையிலருந்து யார் கைக்குப் போச்சுன்னு ஓட்டையே இல்லாம வேணும். இல்லேன்னா உன் வேலைய என்னால காப்பாத்த முடியாதும்மா. டீ சொல்லவா?"

"வேண்டாம். குமட்டுது."

அவர் போனார். மணி மூன்று. பழைய ஏலப் பட்டியல்களின் படங்களை மறுபடி வரிசையாக விரித்தாள். விளிம்பில் இருந்த பொடி வெட்டை வைத்துத்தான் இது அதே நாணயம் என்று பிடித்திருந்தாள். 1909, லீட்ஸ் டாக்டர். 1934, பிரிஸ்டல் பாதிரியார். 1961, ஹாரோகேட்டில் ஒரு விதவை. மூவரும் இறந்த பிறகே ஏலத்துக்கு வந்தது. இந்தத் தொழிலில் அதில் அதிசயமில்லை. ஆனால் பூதக்கண்ணாடியை வைத்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. டாக்டரின் படத்தில் ராணியின் கொண்டைக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல் ரேகை. பாதிரியாரின் படத்தில் இரண்டு. விதவையின் படத்தில் மூன்று. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பொத்திப்பொத்தி வளர்க்காதவர்கள் இந்த ஆட்கள். இவர்களா விரலை வைத்தார்கள்? வைத்திருந்தால் காசில் இப்போது ஏன் ஒன்றுமே தெரியவில்லை?

பயிற்சிக்கு வருகிறவர்கள் யாராவது செய்தால் அவள் வாய்க்கு வந்தபடி திட்டும் காரியத்தை அவளே செய்தாள். நாணயத்தின்மேல் வாயால் ஊதினாள். எச்சில் பட்டால் புள்ளி விழும்தான். ஆனால் கண்ணுக்குச் சிக்காதது மூச்சின் ஆவியில் எழும்பி வரும்.

வந்தது. மூன்று ரேகைகள். பக்கத்தில் நான்காவது.

அப்பாடா! விதவைக்குப் பிறகு வந்த ஆள் இவன்தான். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை பிழைத்தது.

ஆவி வடிந்தது. மூன்று ரேகைகள் மங்கின. நான்காவது மங்கவில்லை. தடிப்பாக, ஈரமாக, எண்ணெய் மினுக்கோடு அப்படியே நின்றது. அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு.

ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டைவிரலில் ரொட்டிக் கத்தி பட்ட வெட்டு.

அவள் தொடவேயில்லை. விளிம்பைத்தான் பிடித்தாள். சத்தியமாக விளிம்பை மட்டும்தான்.

கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். வெட்டு இல்லை. ரேகையும் இல்லை. உரித்த அவித்த முட்டைபோல் வழவழவென்று வெளுத்திருந்தது. பக்கத்து விரல். அதுவும். அதற்கடுத்தது. அதுவும். கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். தோல் வழுக்கியது. உள்ளே எதன்மீதோ வழுக்கியது. வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

கதவு படாரென்று திறந்தது. டெஸ்மண்ட். கையில், வாங்கியவர் பேரை ஏலக்காரர்கள் ஓரத்தில் எழுதிவைக்கும் பழைய பட்டியல் பிரதி.

"அட, இங்க பாரு! அறுபத்தொண்ணுல யாருமே வாங்கல! ‘வீட்டுக்கே திரும்பியது’ன்னு ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கு. நமக்குக் குடுத்தது அந்த ஹாரோகேட் அம்மாவோட பேரன்தானாம். இப்பத்தான் போன்ல கேட்டேன், அன்னிலருந்து உறையப் பிரிக்கவே இல்லையாம். மூணே பேருதான், ஹெஸ்தர். நாலாவது ஆளுன்னு ஒருத்தர் கிடையவே கிடையாது!"

அவள் தன் கையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மூஞ்சி இது? தப்பிச்சே கண்ணு! உன் வேலை உனக்குத்தான்!"

அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"விடுங்க, டெஸ்மண்ட். ஐயோ, விடுங்க!"

பிடுங்கிக்கொண்டாள். அவர் பிடியில் ஏதோ தங்கிவிட்டது. காய்ச்சிய பாலிலிருந்து ஆடை வழன்று வருவதுபோல், மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை, நகங்களோடு, முழுத்தோல். அவர் உள்ளங்கையில் ஈரமாகச் சுருண்டு கிடந்தது.

அவள் கையில் ரத்தம் இல்லை. எலும்பும் இல்லை. ஐந்து விரலும் பளிச்சென்ற வெள்ளி. அந்த உள்ளங்கையில் டெஸ்மண்டின் முகம், வாய் பிளந்தபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் தெரிந்தது.