இடப்புறம் இரண்டடி

"படபடப்பு எப்போதெல்லாம் வருகிறது?" என்று சுரப்புத்தேடி இயந்திரம் மறுபடியும் கேட்டது.

படுக்கையில் இருந்த திலகவதி வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் சபாபதி பதில் சொல்லிவிட்டார். "எப்பவும்தாங்க. சும்மா சும்மா டென்ஷன் ஆவா."

"அவங்க பேசணும் சார்," என்றாள் இயந்திரத்தை இயக்கும் யாஸ்மின், ஆறாவது தடவையாக. அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இந்த ஊரில் யாரைப் படுக்க வைத்தாலும் துணைக்கு வந்தவர்தான் பதில் சொல்கிறார்.

ஆறு வருடமாகத் திலகவதிக்குத் திடீர் திடீரென்று வியர்வை, நெஞ்சடிப்பு, ரத்தக்கொதிப்பு. எங்கோ ஒரு பட்டாணி அளவுக் கட்டி அட்ரினலினைக் கொட்டுகிறது என்பது டாக்டரின் சந்தேகம். கையில் ஏற்றிய கதிரியக்க ஒளிர்மருந்து அந்தக் கட்டியில் போய் ஒட்டும். ரத்தத்தில் அட்ரினலின் ஏறும் நொடியில் எந்த இடம் மின்னுகிறது என்று சுரப்புத்தேடி பார்க்கும். வெளிக் காரணத்தால் ஏறினால் ஒதுக்கிவிடும். மருந்தின் ஒளி ஒரு மணி நேரம்தான். தவறவிட்டால் அடுத்த மருந்து வர மூன்று மாதம். அதுவரை அவள் இதயம் தாங்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

நாற்பது நிமிடம் வீணாகப் போனது.

"பதினோரு ஏற்றங்கள். எல்லாமே வெளிக் காரணம். இடம்: நோயாளிக்கு இடப்புறம் இரண்டடி. உடலுக்குள் தேடல் நிறுத்தப்படுகிறது," என்று அறிவித்தது சுரப்புத்தேடி.

"அங்க என்னங்க இருக்கு?" சபாபதி குனிந்து தன் நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

யாஸ்மின் தேடலை மறுபடி முடுக்கினாள். "சார், வெளிய போங்க."

"நான் இல்லாம அவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதுங்க."

"அவங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க போனா போதும்."

கதவு மூடியது. அறையில் யாரும் பேசவில்லை. ஒன்பதாவது நிமிடம் அட்ரினலின் தானாகவே ஏறியது. பிறகு இன்னும் இரண்டு முறை. மூன்று முறையும் இடது சிறுநீரகத்துக்கு மேலே அதே புள்ளி மின்னியது.

"கட்டி இருக்குங்க அக்கா. எடுத்துடலாம்."

திலகவதி அழுதாள். "டென்ஷன், டென்ஷன்னே சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

சபாபதி உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, இயந்திரத்திடமே விசாரித்தார். "அதை எடுத்துட்டா இவளுக்குப் படபடப்பு நின்னுருங்களா?"

"இன்று ஏறியது பதினான்கு முறை. அதில் மூன்று நிற்கும்."

"மெஷினுக்கு என்னங்க தெரியும்? இவ எப்பவுமே இப்படித்தான், எதுக்கெடுத்தாலும்..."

"பதினைந்து," என்றது சுரப்புத்தேடி.