ஜத்மிகோ எடுத்த சீட்டு

எண்டாங் அக்கா பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினாள். உள்ளே இரண்டே இரண்டு காகிதச் சுருள்கள்தான் மிச்சம். ஒன்று ரெத்னோவுடையது, இன்னொன்று ஜத்மிகோவுடையது. மூடியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சுருள் பாயில் விழுந்தது.

"ரெத்னோ!"

ரெத்னோ துள்ளி எழுந்தாள்.

எண்டாங் அக்காவின் முன்னறையில் ஞாயிறுதோறும் பிள்ளைகள் கூடி ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றி வாசிப்பார்கள். எந்தப் புத்தகம் என்பதில் முன்பெல்லாம் அடிதடியே நடக்கும். கடைசியில், அம்மாக்கள் போடும் குலுக்கல் சீட்டைப் போலவே பிள்ளைகளும் ஒன்று போட்டார்கள். ஒரு புத்தகம் முடிந்ததும் பாட்டிலைக் குலுக்க வேண்டும். யார் பெயர் விழுகிறதோ, அவர் கேட்கும் புத்தகம். எல்லோருக்கும் வந்து முடியும்வரை அவர் பெயர் மறுபடி உள்ளே போகாது.

ரெத்னோ ஆசைப்பட்ட புத்தகம் மேல் தட்டில் இருந்தது. ரயிலில் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்காரச் சிறுமியின் கதை அது. கீழ்த் தட்டுகளில் யாரும் எதையும் வைப்பதில்லை. கடல் எப்போது வீட்டுக்குள் வரும் என்று சொல்ல முடியாது.

அவள் கையை நீட்டியபோது ஜத்மிகோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ரெத்னோ, உன் சீட்டை எனக்குத் தர்றியா? அடுத்தது என்னோடதுதான். அதை நீ எடுத்துக்கோ."

"ஏன்? அப்படி என்ன அவசரம்?"

"அவசரம்தான்" என்றான், பாயைப் பார்த்துக்கொண்டே.

பெரியவர்களின் சீட்டிலும் இப்படி உண்டு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கூரை விழுந்துவிட்டது என்று ஒருவர் கேட்டால், சீட்டு விழுந்தவர் விட்டுக்கொடுத்துவிடுவார். கேட்பதில் வெட்கம் இல்லை, மறுத்தால்தான் ஊர் பேசும். எல்லோரும் ரெத்னோவையே பார்த்தார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எடுத்துத் தொலை" என்றாள்.

ஜத்மிகோ அலமாரியை மேலும் கீழும் அளந்தான். பிறகு, இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை உருவினான். 'வீட்டுக் கோழி வளர்ப்பு'. ஏதோ அலுவலகத்திலிருந்து யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது.

அறையே சிரித்தது.

"டேய், ஊர்ல இருந்த கோழியெல்லாம் தண்ணி வந்தப்பவே போயிடுச்சு" என்றான் சுலிஸ். "இதைப் படிச்சிட்டு மீனுக்கா தீனி போடப் போற?"

ரெத்னோ மட்டும் சிரிக்கவில்லை. கோழிக்காகவா அவள் விட்டுக்கொடுத்தாள்?

வாசிப்பு முடிந்ததும் மூங்கில் நடைபாலத்தில் அவனைத் துரத்திப் பிடித்தாள்.

"என்னை அழவைக்கணும்னே செஞ்சியா?"

"இல்ல ரெத்னோ. சீக்கிரம் முடியாத புத்தகமா வேணும். அதான் தடியா இருக்கறதை எடுத்தேன்."

"முடிஞ்சா என்ன?"

"சனிக்கிழமை வீட்டைக் காலி பண்றோம்னு அப்பா சொல்றாரு. ஆனா, சீட்டு எடுத்தவங்க அது முடியற வரைக்கும் ஊரைவிட்டுப் போகக் கூடாதுன்னு எங்கம்மாதான எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க? இப்ப நான் எடுத்துட்டேன். இனிமே எப்படிப் போவாங்களாம்?"

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பாலத்தை ஒட்டிய வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் அம்மாவின் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அது காசு போட்டு எடுக்கற சீட்டுடா, கண்ணு."

"சீட்டுன்னா சீட்டுதானம்மா!"

"கடல் அடுப்படிக்கே வந்துடுச்சு. அதுகிட்ட போய் உன் சீட்டைச் சொல்லு, கேட்குதா பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை ஒரு படகு வந்தது. மெத்தை, டிவி, பானை சட்டி எல்லாம் ஏறின. கடைசியாக ஜத்மிகோ ஏறினான். அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சுலிஸ் கோழிப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளினான்.

"அவன்தான் போயிட்டானே. ரெத்னோ, உன் சர்க்கஸை எடு!"

"நீ எதைச் சொல்றியோ அதுதான், ரெத்னோ" என்றாள் எண்டாங் அக்கா.

ரெத்னோ சர்க்கஸ் புத்தகத்தை இறக்கினாள். முதல் படத்தில் ரயில் ஜன்னல் வழியாக ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது. அடுத்த பக்கத்தைப் புரட்ட விரல் துடித்தது. ஆனால் அவள் புத்தகத்தை மூடி மேலே வைத்துவிட்டாள்.

"கோழியே படிப்போம்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அவன் சீட்டு இன்னும் முடியலையே."

"ஆளே இல்ல, யாருக்குப் படிக்கறது?"

"எண்டாங் அக்கா, உங்க போனைக் கொடுங்க. வாசிக்கறதைப் பதிவு பண்ணி அவங்க அம்மாவுக்கு அனுப்பலாம்."

முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார்கள். கோழிக்கு வரும் காய்ச்சலைப் பற்றிய பாடத்தை, சுலிஸ் டிவியில் செய்தி வாசிப்பவரைப் போல மூச்சு விடாமல் வாசித்தான். அனுப்பினார்கள். பதில் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "அவன் கேட்கவே மாட்டான்" என்றான் சுலிஸ். ரெத்னோவுக்கும் அப்படித்தான் தோன்றியது. மனசு கசந்தது. ஆனாலும் புத்தகத்தைத் திறந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் ஒலித்தது. ஜத்மிகோவின் குரல். பின்னால் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல்.

"இங்க வீட்டுக்குள்ள தண்ணி வரல. பள்ளிக்கூடத்துல யாரும் என்கூடப் பேசறதில்ல. ரெத்னோ... நான் இன்னும் சீட்டுல இருக்கேன்ல?"

சுலிஸ் கோழிப் புத்தகத்தை எடுத்து ரெத்னோவின் மடியில் வைத்தான். வெளியே தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டுவிட்டது. இந்த வேகத்தில் போனால் கோழிப் புத்தகம் அடுத்த வருடம்தான் முடியும். அதற்குள் படகு யார் வீட்டு வாசலுக்கு வருமோ, ரெத்னோவின் வீட்டுக்கே வருமோ, யாருக்குத் தெரியும்?

ரெத்னோ மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனை வாங்கினாள்.

"பின்ன? சீட்டை எடுத்துட்டுப் பாதியில ஓடிடலாம்னு பார்த்தியா? ஒழுங்கா உட்கார்ந்து கேளு. இன்னைக்குப் பாடம், முட்டை."

அந்தப் பாடத்தை அவளே வாசித்தாள், மோட்டார் சைக்கிள் இரைச்சலுக்கு நடுவிலும் அவனுக்குக் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்தி.