வளைகுடாவில் முளைத்த மலை

நண்டு என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் பக்கவாட்டில் புகுந்து முன்வரிசைக்குப் போய்விடுவாள். அதனால் ஐந்தாம் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. இப்போது டீச்சரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நண்டின் அம்மா நூறு பேர் ஏறும் பயணிகள் படகை ஓட்டுகிறார். ஊருக்கு முன்னால் பெரிய வளைகுடா இருக்கிறது. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு நாளைக்கு எட்டு நடை போய்வர வேண்டும்.

மறுநாள் பள்ளியில் கண்காட்சி. ஐந்தாம் வகுப்பு அந்த வளைகுடாவையே அட்டையில் செய்துகொண்டிருந்தது. அம்மாதான் தன்னுடைய பழைய கடல் வரைபடத்தைக் கொடுத்திருந்தார். கண்ணாடித் தாளைத் தண்ணீராக விரித்து, அதன்மேல் ஒரு குட்டிப் படகை விடுவதாக நண்டு அம்மாவிடம் பெருமை அடித்திருந்தாள்.

வேலையில் பெரும்பங்கு அளவுகோலுடையது. எதையும் அளக்காமல் விடமாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவனும் நண்டும் முதலில் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றைச் செய்தார்கள். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்திருப்பார்கள் அல்லவா? அந்தக் கோட்டின்படி அட்டையை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் குன்று தயார்.

அதே சூட்டோடு கடலையும் முடித்துவிட்டார்கள். பத்து அட்டைகள் வெட்டி, அடுக்கி, ஒட்டி, நீலம் பூசியாயிற்று. ஒரு வார வேலை!

அன்று பிற்பகல் அம்மா குட்டிப் படகைக் கொண்டுவந்து கொடுத்தார். மேஜையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய் நண்டு, கடலுக்கு நடுவுல என்னடி மலை?"

"அது கடல்தாம்மா. வரைபடத்துல அங்கதான் இருபதுன்னு போட்டிருக்கு."

"அடக் கடவுளே! அது ஆழம்டி, உயரம் இல்ல! அப்ப என் படகு தினமும் மலையா ஏறி இறங்குது?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நண்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அளவுகோலின் முகம் சுண்டிப்போயிருந்தது. அம்மா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"தப்பு என்னோடதுதான்பா. வரைபடத்தைக் கொடுத்தேனே தவிர, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டேன்" என்றார். நான்கு மணி நடைக்கு நேரமாகிவிட்டதால் அரை மனதோடு கிளம்பிப் போனார்.

"நாளைக்கு நான் வரல" என்றான் அளவுகோல். "எனக்குக் காய்ச்சல் வரப்போகுது."

"நாளைக்கு வர்ற காய்ச்சல் இன்னைக்கே தெரியுமா?"

அவன் சிரிக்கவில்லை. ஊரில் பாதிப்பேர் அந்தப் படகில் போகிறவர்கள். நாளைக்கு ஒவ்வொருவராக வந்து, "கடல்ல மலையா?" என்று கேட்டால் அவன் என்ன ஆவான்? நண்டுக்குப் பாவமாக இருந்தது. அவளும் சேர்ந்துதானே வெட்டினாள்!

புதிதாகச் செய்யலாம் என்றால் அட்டை இல்லை. பள்ளி பூட்ட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அப்போது பள்ளி ஆயாம்மா, கடலுக்கு வெட்டி மிச்சமான அட்டைகளை வாசலில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "பழைய பேப்பர்காரர் வந்துட்டாரு. வேற குப்பை இருந்தா குடுங்க."

ஒவ்வொரு அட்டையின் நடுவிலும் ஓர் ஓட்டை இருந்தது. மேலே இருந்த அட்டையில் பெரிய ஓட்டை. அதற்குள் எட்டிப் பார்த்தால் அடுத்த அட்டையின் சின்ன ஓட்டை. நண்டு குனிந்து பார்த்தாள். கிணற்றுக்குள் படி இறங்குவது போல் இருந்தது.

"ஆயாம்மா! கட்டாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் ஆயாம்மா கயிற்றை நழுவவிட்டார்.

"டேய், இங்க வா! மலைக்கு வெட்டின துண்டுதான் நாம ஒட்டினது. அது போக மிச்சம் இருக்கறதுதான் பள்ளம்! பெரிய ஓட்டை மேல, சின்ன ஓட்டை கீழ. அடுக்கிப் பாரு!"

அளவுகோல் எட்டிப் பார்த்தான். பிறகு பாய்ந்து வந்தான். மிச்ச அட்டைகளிலும் ஓரத்தில் அவன் எண் எழுதி வைத்திருந்தான். எண் போடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மளமளவென்று பிரித்தான்.

"ஏழு எங்க? ஏழு காணோம்!"

ஆயாம்மா தலையைச் சொறிந்தார். "குடிதண்ணி டிரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணை மடிச்சு அடியில வச்சேன்."

மூவரும் டிரம்மைச் சாய்த்து அட்டையை உருவினார்கள். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"கடலுக்குத்தானே போகுது? நனைஞ்சா என்ன!" என்றார் ஆயாம்மா.

அளவுகோல் சிரித்துவிட்டான். அப்பாடா, காய்ச்சல் போய்விட்டது என்று நண்டு நினைத்துக்கொண்டாள்.

நீல மலையைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் பத்து அட்டைகளையும் அடுக்கினார்கள். இப்போது கடற்கரை ஊரைவிட உயரமாகிவிட்டது! ஊரையும் குன்றையும் அப்படியே தூக்கி, அடியில் பழைய நோட்டுப் புத்தகங்களை வைத்துச் சரிசெய்தார்கள். பூட்ட வந்த டீச்சர் பள்ளத்தைப் பார்த்தார்.

"இது வெறும் குழி இல்ல, தெரியுமா? பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் ரொம்பத் தள்ளி இருந்துச்சு. இது ஒரு பள்ளத்தாக்கு. நடுவுல வளைஞ்சு போகுதே, அது ஆறு ஓடின தடம். அப்புறம் கடல் உயர்ந்து உள்ள வந்துடுச்சு."

இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

மறுநாள் கண்காட்சியில் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். இரண்டு நடைகளுக்கு நடுவே அம்மாவும் ஓடி வந்தார். அளவுகோல் கையில் குச்சியோடு, அந்தக் காலத்து ஆற்றைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். அம்மா குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"கலங்கரை விளக்கம் தாண்டி இடது பக்கம் ஒரு பெரிய வளைவு. அங்க தினமும் படகைத் திருப்புறேன். ஆழம் அங்கதான்னு தெரியும். ஆனா அதுக்கு அடியில ஒரு ஆறு படுத்திருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார்.

அளவுகோல் குட்டிப் படகை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"விட்டுப் பாருங்க அத்தை. இன்னைக்கு மலை ஏற வேண்டாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அளவுகோல்தான். அம்மா கண்ணாடித் தாளின் மேல் படகை மெல்லத் தள்ளினார். பெரிய வளைவு வந்ததும், பழக்க தோஷத்தில் "பூம்" என்று வாயாலேயே சங்கு ஊதி, படகை இடது பக்கம் திருப்பினார்.