வெளியே இருந்த கடாய்கள்

ஞாயிறு, மாலை 4.10. அமெரிக்காவில் எடிசன் நகரம். ஓவன் காலியாக இருந்தது.

ஊருக்குக் கிளம்பியபோது ருக்மிணி அதற்குள் ஒளித்துவைத்த படத்தைக் காணோம். மில்லே என்ற பிரெஞ்சு ஓவியரின் பழைய அச்சுப்படம். விளக்கொளியில் ஒரு பெண் தைத்துக்கொண்டிருப்பாள். ருக்மிணி ஆசை ஆசையாக வாங்கியது.

ஒளித்தபோது பக்கத்தில் நின்றவர், குழந்தை தீக்ஷாவைப் பார்த்துக்கொள்ளும் மரகதம் ஆன்ட்டி. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவியும் அவரிடம் இருந்தது. பிறகென்ன? 4.40-க்கு வரவழைத்துக் கைப்பையைக் கவிழ்த்தார்கள். கவிழ்த்தது ருக்மிணியின் கணவன் அனந்தராமன். ஊசி, நூல், தீக்ஷாவின் ஸ்வெட்டர் விழுந்தன.

5.00. போலீசுக்கு முன் பக்கத்து வீட்டு வான்மதியைக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை ஆராய்பவள். சமையலறையில் ஜன்னல் திறந்திருந்தது. ஊதுபத்தி மணம் தூக்கியது. மேடையில் கடாய்கள் அடுக்கியிருந்தன.

"எப்ப திரும்பி வந்தீங்க?"

"ஒரு மணிக்கு. நான் உடனே தீக்ஷாவோட கடைக்குப் போயிட்டேன்" என்றாள் ருக்மிணி.

"அனந்த், லஞ்ச் என்ன சாப்பிட்டீங்க?"

"சீரியல்."

"வெளிய ஸ்னோ. விண்டோ எதுக்கு ஓப்பன்?"

"சும்மா, காத்துக்கு."

"ஸ்மோக் அலாரத்துல பேட்டரி எங்க?"

அனந்தராமன் பாக்கெட்டிலிருந்து பேட்டரியை எடுத்து மேடையில் வைத்தான்.

"நம்ம வீடுகள்ல ஓவன்தான் கடாய் வைக்கிற அலமாரி. ஆன் பண்றதுக்கு முன்னாடி கடாயை வெளிய எடுப்போம். படத்தை வைக்கறதுக்காக ருக்மிணி கடாயெல்லாம் மேடைல எடுத்து வெச்சுட்டா. அது உங்களுக்குத் தெரியாது. கடாய் வெளிய இருக்கு, அப்ப ஓவன் காலின்னு திறந்துகூட பாக்காம பீட்சாவுக்கு ப்ரீஹீட் பண்ணிட்டீங்க. இல்லையா?"

அனந்தராமன் தலை நிமிரவில்லை. "கராஜ்ல குப்பைத்தொட்டில இருக்கு. சொல்லத்தான் நினைச்சேன். ஆன்ட்டி பேரை ருக்கு எடுத்ததும் வாயே வரல."

"வாய் வரல. பையைக் கவிழ்க்க மட்டும் கை வந்துச்சா?" என்றாள் வான்மதி.

ருக்மிணிக்கு முகம் எரிந்தது. சந்தேகப்பட்டது அவள்தானே. கருகிய படத்தைப் பற்றி அப்போது அவளுக்கு நினைவே வரவில்லை.

"ஆன்ட்டி, ஸாரி..."

மரகதம் தரையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார். "ஒரு பட்டன்தான் பாக்கி. தெச்சுட்டுப் போறேன்."

விளக்கடியில் உட்கார்ந்து தைத்தார். மூவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஸ்வெட்டரை மடித்து, அதன்மேல் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு எழுந்தார்.